தருணுக்குள் ஏழு பேர்

நூறு பேரில் பதினொரு பேர்தான் செண்பகவல்லியை நம்பினார்கள். மற்ற எண்பத்தொன்பது பேரும், "இந்த அக்காவுக்கு ஆட்டிசம் இல்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

விக்டர் தனராஜ் வாசகர் சோதனையின் முடிவுத்தாளை மேசைமேல் வைத்து அவள் பக்கமாகத் திருப்பினார். மதுரையில் பேசும் நூல்கள் வெளியிடும் நாவல்மரம் பதிப்பகத்தில் அவர் ஆசிரியர். பேசும் நூல் என்றால், கதையில் வரும் பாத்திரம் படிக்கிற பிள்ளையோடு உரையாடும். கேட்டால் பதில் சொல்லும், கோபித்துக்கொள்ளும், மறுநாள் சமாதானமாகும். பத்து வருடமாகத் தமிழ்நாட்டுப் பள்ளி நூலகங்களில் பிள்ளைகள் வரிசையில் நின்று வாங்குவது இந்த நூல்களைத்தான்.

"ஏன்னு எழுதியிருக்காங்களா சார்?" என்று கேட்டாள் செண்பகவல்லி.

"எழுதியிருக்காங்க. 'நல்லாப் பேசுறாங்க.' 'ஜோக் சொல்றாங்க.' 'கணக்கு வராதுன்னு சொல்றாங்க.' ஒரு அம்மா, 'கண்ணப் பாத்துப் பேசுற மாதிரி இருக்கு'ன்னு எழுதியிருக்காங்க."

"புஸ்தகத்துக்கு ஏது சார் கண்ணு?"

விக்டர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அது அவளுக்கு உண்மையாகவே எழுந்த சந்தேகம்.

செண்பகவல்லிக்கு முப்பத்தொரு வயது. கோவில்பட்டியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில், கண்ணாடிகளைச் சட்டத்துக்கு ஏற்றபடி தேய்த்துக் கொடுக்கும் வேலை. முதலில் முன்பக்கம் கவுண்டரில்தான் இருந்தாள். வருகிறவர்களிடம் அதிகம் பேசினாள். "இந்தச் சட்டம் உங்க மூஞ்சிக்கு ஆகாது" என்று வாங்க வந்தவரிடமே சொன்னாள். ஒருநாள் முதலாளி அவளுடைய நாற்காலியைத் தூக்கிப் பின்னறையில் போட்டுவிட்டார். அங்கே தேய்க்கும் இயந்திரத்தின் இரைச்சல் அவளுக்குப் பல்லுக்குள் இறங்கும். காதில் பஞ்சு வைத்துக்கொள்வாள். அவளுக்கு ஆட்டிசம் என்று இருபத்தாறாவது வயதில்தான் ஒரு மருத்துவர் சொன்னார். அதற்கு முன்பு அவளை எல்லோரும் சொன்னது, "வாயாடி."

அம்மா இறந்துவிட்டாள். அப்பா ஓசூரில் தம்பி வீட்டில் இருந்தார். மாடியில் ஓர் அறை எடுத்துத் தனியாக இருந்தவளுக்கு, ஆட்டிசம் உள்ளவர்களை வைத்துச் சிறுவர் நூல் வரிசை ஒன்று செய்யப்போகிறோம், மன அச்சு கொடுக்க விருப்பமா என்று பதிப்பகத்திலிருந்து கடிதம் வந்தது.

முதல் நாளே விக்டர் விளக்கிச் சொல்லியிருந்தார். "உங்க நினைவு எதையும் எடுக்க மாட்டோம்மா. ஒரு விஷயம் நடந்தா நீங்க அத எப்படி எடுத்துக்குவீங்க, எதுக்குச் சிரிப்பீங்க, எதுக்குப் பயப்படுவீங்க, அது மட்டும்தான் பாத்திரத்துக்குள்ள போகும். தலையில ஒரு துணித்தொப்பி இருக்கும். நீங்க பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருக்கணும்."

"எவ்ளோ நேரம் சார்?"

"நீங்க பேசுற வரைக்கும்."

நாற்பது புதன்கிழமைகள். கடைக்குப் புதன் விடுமுறை. காலையில் பஸ் ஏறி மதுரைக்கு வருவாள். தொப்பியை மாட்டிக்கொண்டு பேசத் தொடங்கினால் மாலை நான்கு மணி ஆகிவிடும். குக்கர் விசில் அடித்தால் ஏன் மொட்டைமாடிக்கு ஓடுகிறாள், சாவு வீட்டில் ஏன் ஒருமுறை சிரித்துவிட்டாள், எதிர்வீட்டுக்காரி கணவனைத் திட்டுவதைக் கேட்டு ஏன் இவள் மூன்று நாள் சாப்பிடவில்லை. விக்டர் எதிரே உட்கார்ந்து கேட்டார். ஒருமுறைகூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. நாற்பதாவது புதன் முடிந்து திரும்பும்போது பஸ்ஸில் அவளுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது.

அச்சு கொடுத்தவர்கள் மொத்தம் ஏழு பேர். தேனிப் பக்கத்தில் தேன்பெட்டி வைத்திருந்த லூர்துமேரி வாயால் ஒரு சொல்லும் பேசமாட்டாள். தட்டச்சு செய்வாள், அதிலும் பாதி வசவு. மினி பஸ் கண்டக்டர் குருசாமிக்கு ஊரில் எல்லோர் பெயரும் தெரியும், யாராவது தோளில் கை வைத்தால் மட்டும் அடித்துவிடுவார். கல்லூரி படிக்கும் பவித்ரன் அசராமல் பொய் சொல்வான். ரயில் பைத்தியமும் ஒருவர் இருந்தார், ஆனால் அவருக்கு நேர அட்டவணை பிடிக்காது. ரயிலில் மேல் படுக்கையில் கிடந்துகொண்டு கீழே இருப்பவர்கள் பேசும் குடும்பச் சண்டைகளைக் கேட்கத்தான் பிடிக்கும். ஒருவருக்கும் மற்றவருக்கும் ஒற்றுமையே இல்லை.

அதுதான் சிக்கலாகிவிட்டது.

"பள்ளி நூலகங்களுக்கு வாங்குற குழுவுல ஒரு விதி வச்சிருக்காங்க," என்றார் விக்டர். "படிக்கிறவங்க பத்து நிமிஷத்துல, 'இது ஆட்டிசம் உள்ள பாத்திரம்'னு கண்டுபிடிக்கணும். நூத்துக்கு எண்பது பேராவது. உங்க ஏழு பேர்ல ஒருத்தர்கூட அம்பதத் தாண்டல."

"அப்ப புஸ்தகம் வராதா சார்?"

"வரும். ஏழு பேரையும் சேத்து ஒரே ஆளா ஆக்கப் போறோம். சேக்கும்போது தனித்தனியா இருக்கிறது மறைஞ்சிடும், பொதுவா இருக்கிறது நிக்கும். பையன். பேரு தருண்." அவர் பார்வையைத் தாளிலேயே வைத்திருந்தார். "நீங்களும் அதுக்குள்ள இருப்பீங்கம்மா. அப்புறம், தருணைப் புதுப்பிச்சுக்கிட்டே இருக்கணும். நீங்க புதன்கிழமை வழக்கம்போல வரலாம்."

புதன்கிழமை வரலாம் என்ற சொல் காதில் விழுந்ததும் அவள் சரி என்றாள். மற்றதைப் பிறகுதான் யோசித்தாள்.

தருண் பெரிய வெற்றி. பன்னிரண்டு வயது. இந்தியாவில் எந்த ரயில் எந்த ஊருக்கு எத்தனை மணிக்கு வரும் என்று சொல்வான். பெருக்கல் கணக்கை மூச்சு விடுவதற்குள் போடுவான். தலையைக் குனிந்தே பேசுவான். கடைசி அத்தியாயத்தில் அவனுடைய கணக்கால் ஒரு விபத்து தவிர்க்கப்படும்; எல்லோரும் கைதட்டுவார்கள். பத்து நிமிடம் தேவைப்படவில்லை, ஒரு நிமிடத்தில் தொண்ணூற்றெட்டுப் பேர் அவனை அடையாளம் கண்டுகொண்டார்கள்.

செண்பகவல்லி ஒரு பிரதி வாங்கி வந்து தன் அறையில் உட்கார்ந்து அவனோடு பேசினாள்.

"குக்கர் விசில் அடிச்சா உனக்கு என்ன தோணும்?"

"சத்தம் பிடிக்காது," என்றான் தருண். "கோவில்பட்டிக்கு அடுத்த ரயில் எத்தனை மணிக்குன்னு சொல்லட்டுமா?"

அவள் மறுபடி மறுபடி கேட்டாள். ஜோக் சொல்லிப் பார்த்தாள். அழுதுகூடப் பார்த்தாள். எங்கேயாவது ஒரு மூலையில் தான் இருப்போம் என்று தேடினாள். சத்தம் பிடிக்காது என்றானே, அது நானாக இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டாள். சத்தம் யாருக்குத்தான் பிடிக்கும் என்று அடுத்த நிமிடம் தோன்றியது.

புதன்கிழமைகள் தொடர்ந்தன. இப்போது தொப்பி ஒரு மணி நேரம் மட்டும். விக்டருக்கு வேலை அதிகமாகியிருந்தது. பாதி நாள் வேறு யாரோ ஒரு பெண் வந்து உட்கார்ந்து கைபேசி பார்த்துக்கொண்டிருப்பாள். இருந்தாலும் செண்பகவல்லி ஒரு வாரம்கூடத் தவறவில்லை. மற்ற ஆறு நாளும் அவள் பேசியவை கடையில் "ஆச்சு", பால்காரரிடம் "அரை லிட்டர்", இவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில்தான் நெல்லை மேலப்பாளையத்திலிருந்து அந்த விவகாரம் வந்தது.

சோதனைக்காக அனுப்பிய பழைய பிரதிகளைத் திரும்பப் பெற்று அழித்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. செண்பகவல்லியின் அச்சு மட்டும் இருந்த நூறு பிரதிகளில் தொண்ணூற்றொன்பது வந்துவிட்டன. ஒன்று வரவில்லை. சுமையா என்ற பத்து வயதுப் பெண்ணிடம் இருந்தது. ஐந்து மாதமாக அவள் அதைத் தினமும் திறந்திருக்கிறாள்.

"அந்தப் பொண்ணுக்கும் ஆட்டிசம்தான்," என்றார் விக்டர். "தர மாட்டேன்னு பிடிவாதம். நீங்க வந்து பேசினா கேப்பாளோன்னு நினைக்கிறேன். உங்க அச்சுதானே."

செண்பகவல்லிக்கு அன்று கால் தரையில் பாவவில்லை. என்னை ஒரு பிள்ளை ஐந்து மாதமாகத் தினமும் தேடுகிறாள்! கத்தரிப்பூ நிறச் சேலையைக் கட்டிக்கொண்டாள். உள்ளே குத்தும் சரிகையை மூன்று முறை மடித்துத் தைத்தாள். ஒரு பென்சில் பெட்டி வாங்கிக்கொண்டு விக்டரோடு கிளம்பினாள்.

மேலப்பாளையத்தில் சந்துக்குள் சின்ன மாடிவீடு. சுமையாவின் உம்மா பௌசியா கதவைத் திறந்தாள். முப்பத்தெட்டு, நாற்பது வயதிருக்கும். "வாங்க, உக்காருங்க" என்று சொல்லிவிட்டு எங்கே உட்காரச் சொல்வது என்று தெரியாமல் நின்றாள். பிறகு உள்ளே போய்ப் பெண்ணை அழைத்துவந்தாள்.

சுமையா புத்தகத்தை நெஞ்சோடு அணைத்திருந்தாள். செண்பகவல்லியை ஒருமுறை பார்த்தாள். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சுமையா, நாந்தான் செண்பகவல்லி," என்றாள் இவள். "அதுக்குள்ள இருக்கிற அக்கா."

"இல்ல."

"குரல் வேற மாதிரி இருக்கும்டா. ஆனா நாந்தான். நாப்பது வாரம் நாந்தான் உக்காந்து..."

"இல்ல," என்றாள் சுமையா. "அந்த அக்கா வேற. நான் சொன்னதெல்லாம் அவங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாது."

உண்மைதானே. ஐந்து மாதம் இந்தப் பிள்ளையோடு பேசிப் பேசி, அந்தப் புத்தகத்தில் இருப்பவள் வேறு ஒருத்தியாக வளர்ந்துவிட்டாள். வாங்கி வந்த பென்சில் பெட்டி கையில் கனத்தது. அதைக் கீழே வைத்தாள்.

விக்டர் மெதுவாகக் கேட்டார். "அந்த அக்காவும் உன்ன மாதிரியே இருக்காங்கன்னுதான் பிடிச்சிருக்காம்மா?"

"என்ன மாதிரி இல்ல. அவங்க பேசிக்கிட்டே இருப்பாங்க. எனக்குப் பேசுனா வயிறு வலிக்கும். அவங்க அழுவாங்க. நான் அழ மாட்டேன்."

"அப்ப ஏன் வேணுங்கிற?"

சுமையா விரலால் சுவரைச் சுரண்டினாள். உம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். செண்பகவல்லி கையைக் காட்டி வேண்டாம் என்றாள்.

"ஸ்கூல்ல எல்லாரும் தருண் படிச்சாங்க," என்றாள் சுமையா. "நெல்லைலேர்ந்து ரயில் எத்தன மணிக்குன்னு எங்கிட்ட கேட்டாங்க. தெரியாதுன்னேன். பதினேழு பெருக்கல் இருபத்துமூணு கேட்டாங்க. தெரியாதுன்னேன். நீ பொய் சொல்லுத, உனக்கு ஆட்டிசம் இல்லன்னு சொல்லிட்டாங்க. டீச்சரும் சொன்னாங்க, முயற்சி பண்ணு, வரும்னு."

"தெனம் அட்டவணை வச்சு மனப்பாடம் பண்ணுனா சார்," என்றாள் பௌசியா தாழ்ந்த குரலில். "ராவும் பகலும். வாந்தி எடுத்தா. நானும் விளங்காம, படி படின்னேன்."

சுமையா சுவரைப் பார்த்தபடியே சொன்னாள். "தருண் ஒரு விதம். இந்த அக்கா ஒரு விதம். ரெண்டு இருந்தா மூணும் இருக்கும். நான் மூணு."

விக்டர் புத்தகத்தைக் கேட்கவில்லை. எழுந்துவிட்டார்.

பேருந்து நிலையத்தில் டீக்கடை வாசலில் நின்றார்கள். செண்பகவல்லி டீயை வாங்கிக் கையில் பிடித்தபடி இருந்தாள், குடிக்கவில்லை.

"நாம வாங்காம வந்துட்டா என்ன ஆகும் சார்?"

"அடுத்த மாசம் பதிப்பகத்துலேர்ந்தே அழிச்சிடுவாங்க. புஸ்தகம் அவகிட்ட இருக்கும். உள்ள யாரும் இருக்க மாட்டாங்க."

"அழிக்காம இருக்க வழி?"

விக்டர் தயங்கினார். "சட்டத்துல ஒண்ணு இருக்கு. அச்சு குடுத்தவங்க எப்ப வேணா அதத் திரும்ப வாங்கிக்கலாம். வாங்கிட்டா உங்க சொத்து. யாருக்கு வேணா குடுக்கலாம். ஆனா தருண்லேர்ந்து உங்கள எடுத்துடணும். பதிப்பகத்துக்கும் உங்களுக்கும் அதோட சம்பந்தம் முடிஞ்சுது."

"புதன்கிழமை?"

"வர வேண்டியிருக்காதும்மா."

பஸ் வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்தாள். புதன்கிழமைகளைத் தூக்கிக் கொடுக்கப்போவது யாருக்காக? என்னை யாரென்றே தெரியாது என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்ட பிள்ளைக்காக. அவள் கொண்டாடுவதும் என்னை இல்லை, என்னிலிருந்து பிரிந்து போனவளை. கயத்தாறு தாண்டும்வரை அந்தப் பிள்ளைமேல் கோபமாகவே இருந்தது. பிறகு, அட்டவணையை மனப்பாடம் செய்து வாந்தி எடுத்தாள் என்று பௌசியா சொன்னது நினைவுக்கு வந்தது. ரயில் நேரம் சொல்கிறவனுக்குள் நானும் இருக்கிறேன் என்று நினைத்தபோது உடம்பு கூசியது.

மூன்று புதன்கிழமைகள் போய் வந்தாள். எதையும் சொல்லவில்லை. தொப்பிக்குள் பேசினாள். நான்காவது புதன்கிழமை ஒரு தாளில் மூன்று வரி எழுதி எடுத்துப் போனாள். 'என் மன அச்சை எனக்குத் திருப்பித் தரவும். தருணிடமிருந்து என்னை எடுத்துவிடவும். அச்சு, மேலப்பாளையம் சுமையாவிடமே இருக்கட்டும்.' விக்டர் படித்துவிட்டுப் பேனாவை அவளிடம் நீட்டினார். "நல்லா யோசிச்சீங்களா?" என்று கேட்டார். "யோசிச்சா போட மாட்டேன் சார்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

அதற்கு அடுத்த புதன்கிழமை ஏழு மணிக்கே விழிப்பு வந்துவிட்டது. குளித்தாள், சேலை கட்டினாள், பிறகு போக இடமில்லை என்பது நினைவுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். மதியம் வரை அப்படியே இருந்தாள். தெருவில் இறங்கி நடந்து, பஸ் நிலையம்வரை போய், மதுரை பஸ் புறப்படுவதைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். மாலையில், பேச வேண்டும் போலிருந்ததால், பூட்டிய அறைக்குள் சுவரோடு பேசினாள். ஐந்து நிமிடத்துக்கு மேல் முடியவில்லை. கேட்க ஆளில்லாமல் பேசுவது அவளுக்கே விசித்திரமாக இருந்தது.

அவள் வெளியேறிய சேதியும் அதற்கான காரணமும் மற்ற ஆறு பேருக்கும் பரவியிருந்தன. லூர்துமேரி இரண்டே வார்த்தை தட்டி அனுப்பினாளாம், அதில் ஒன்று வசவு. அவளுடைய அச்சையும் எடுத்தார்கள். பிறகு குருசாமி. பிறகு பவித்ரன். ஐந்து மாதத்தில் ஏழு பேரும் வெளியே வந்துவிட்டார்கள்.

விக்டர் போன் செய்து சொன்னார்.

"அப்ப தருண் நின்னுட்டானா சார்?" என்று கேட்டாள். நான் ஒருத்தி செய்ததால் ஒரு புத்தகமே போயிற்றே என்று ஒரு பக்கம் வருத்தம். மறுபக்கம் கொஞ்சம் பெருமையும்.

மறுமுனையில் விக்டர் கனைத்துக்கொண்டார்.

"சார்?"

"ஒண்ணும் ஆகலம்மா," என்றார் விக்டர். "ஏழாவது ஆளையும் எடுத்துட்டு, திறந்து பேசிப் பாத்தேன். அப்படியேதான் இருக்கான். ஒரு வார்த்தை மாறல. வாசகர் ஒருத்தர்கூட வித்தியாசம் சொல்லல. போன வாரம் மறுபதிப்பு போயிருக்கு."

"அப்ப அவனுக்குள்ள யாரு இருக்கா?"

"யாரும் இல்ல. மொதல்லேர்ந்தே இல்ல போலிருக்கு. படிக்கிறவங்க என்ன எதிர்பாத்தாங்களோ, அதுதான் அவன்." சற்று நிறுத்தினார். "உங்க நாப்பது வாரத்துல எதுவும் அதுல ஏறவே இல்லம்மா. எனக்கு அப்பவே தெரிஞ்சிருக்கணும்."

அவள் போனை வைத்துவிட்டுப் பின்னறைக்குப் போனாள். அன்று பதினான்கு கண்ணாடிகள் தேய்க்க வேண்டியிருந்தது. காதில் பஞ்சு வைக்க மறந்துவிட்டாள். ஆறாவது கண்ணாடி தேயும்போதுதான் பல் கூசுவது தெரிந்தது.

தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, முன்பின் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பௌசியா.

"நல்லா இருக்கீங்களா? சுமையா உம்மா பேசுதேன்."

"நல்லா இருக்கேன். சுமையா எப்படி இருக்கா?"

"இருக்கா. அந்தப் புஸ்தகத்த அவ இப்ப தொடுறதில்ல. படிச்சு முடிச்சிட்டாளாம்."

"அது முடியாதே. பேசிக்கிட்டே இருக்கிற புஸ்தகம்லா?"

"நானும் அதான் சொன்னேன். எனக்குத் தெரிய வேண்டியது தெரிஞ்சிட்டு, போதும்ங்கா. இப்ப பசங்களோட வாசல்ல எறும்பு பாத்துக்கிட்டுத் திரியா."

தன் புதன்கிழமைகளைக் கொடுத்து வாங்கியதை, ஒரு பிள்ளை மூடி வைத்துவிட்டு எறும்பு பார்க்கப் போய்விட்டது. பிள்ளைகள் புத்தகத்தை அப்படித்தானே செய்யும்?

"சரிங்க," என்றாள். "சந்தோஷம். வச்சிரட்டுமா?"

"இருங்க." பௌசியாவின் மூச்சு கேட்டது. "நான் அதத் திறந்துட்டேன். மன்னிச்சிருங்க, கேக்காம செஞ்சிட்டேன். மொதல்ல மவளப் பத்தித் தெரிஞ்சிக்கலாம்னுதான். அந்த அக்கா பேசப் பேச... என்னப் பத்தியே பேசுற மாதிரி இருந்துச்சு. எங் கலியாணத்தன்னைக்கு வீடு நெறைய ஆளு. நான் கோழிக்கூட்டுக்குப் பின்னால போய் ஒளிஞ்சிக்கிட்டேன். பேய் புடிச்சிருக்குன்னாங்க. இப்பவும் விருந்தாளி வந்தா எங்க உக்காரச் சொல்லணும்னு எனக்குத் தெரிய மாட்டேங்கு. இத இதுவரைக்கும் யார்ட்டயும் சொன்னதில்ல."

"புஸ்தகத்துல சொன்னீங்களா?"

"சொன்னேன். அந்த அக்கா கேட்டுட்டு, 'நான் புஸ்தகம். இத ஒரு ஆளுகிட்ட சொல்லுங்க'ன்னுட்டாங்க. எனக்கு வேற யாரையும் தெரியாது. அச்சு இங்கயே இருக்கட்டும்னு வந்த தாள்ல உங்க நம்பர் இருந்துச்சு." குரல் இன்னும் இறங்கியது. "எனக்கும் அப்படித்தானா?"

"எனக்குத் தெரியாதுங்க," என்றாள் செண்பகவல்லி. "நான் டாக்டர் இல்ல."

"ஆமா. ஆமால்லா."

"ஆனா கோழிக்கூட்டுக்குப் பின்னால எவ்ளோ நேரம் இருந்தீங்க?"

"சாயங்காலம் அசர் தொழுகை வரைக்கும்."

"நல்லா இருந்துச்சா?"

மறுமுனையில் ஒரு விசும்பல் போலக் கேட்டது. அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று செண்பகவல்லிக்குத் தெரியவில்லை. போனில் அவளுக்கு அது எப்போதும் தெரியாது. ஏதாவது பேச வேண்டும் என்று வாய் துடித்தது. பேசவில்லை. தண்ணீர்ச் சொம்பை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

வெகுநேரம் இரண்டு பக்கமும் சத்தம் இல்லை. யாரும் போனை வைக்கவில்லை.